சலானின் வலப்பக்கம்: ஸ்டுட்கார்ட் பக்கம் பையனை அனுப்பலாமா?

வணக்கங்க.

சனிக்கிழமை உங்கள் பையனின் ஜெர்மனி முதுகலைப் படிப்பு பற்றி என்னிடம் கேட்டுவிட்டு நீங்களும் தம்பியும் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன், டெலிவரி சலான் ஒன்றை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் “டூயிஸ்பர்க், பீஸ் இல்லை.” வலப்பக்கம் “ஸ்டுட்கார்ட், 1500 x 4 = 6000 யூரோ.” அந்த ஆறாயிரத்துக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. கீழே ஒன்றும் இல்லை, கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. மீதியை நான் எழுதுகிறேன். தம்பியின் அம்மாவும் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் குரல் பதிவு போடாமல் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கட்டணம். ஜெர்மனியில் கல்லூரிப் படிப்பு மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும் என்று 2017-18 குளிர்காலப் பருவத்திலிருந்து சட்டம் போட்டு வாங்குகிறது. பட்ஜெட்டில் துண்டு விழுந்ததைச் சரிக்கட்டத்தான். வாங்குவதில் 300 யூரோதான் பல்கலைக்கழகத்துக்கு, மிச்சம் அரசு கஜானாவுக்கு. இதில் எனக்கே கோபம் உண்டு. ஆனால் பக்கத்து பவேரியாவில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 முதல் வாங்கத் தொடங்கியது, முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அதைப் பார்த்தபின் 1,500 அவ்வளவு கசக்கவில்லை.

ஒரு பருவம் ஆறு மாதம். அந்த 1,500ஐ மாதக் கணக்காக்குங்கள்: 250 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 யூரோ 90 சென்ட். அதாவது மாதம் பதினெட்டு மணி நேரப் பகுதிநேர வேலை. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது. ஆக மாதத்தில் இரண்டரை நாள் உழைப்புத்தான் உங்கள் இரண்டு அடிக்கோடு. முதல் பருவக் கட்டணத்தை மட்டும் கையிலிருந்து கட்டிவிட்டால் மற்றதைப் பையனே சமாளிக்க வழி உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், நானே ஒரு முறை தப்புச் செய்திருக்கிறேன். 2018இல் பல்லடத்துப் பையன் ஒருவனைக் கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேறு மாநிலத்துக்குத் திருப்பிவிட்டேன். நன்றாகத்தான் படித்தான். கடைசிப் பருவத்தில் ஆய்வேட்டை ஒரு தொழிற்சாலையில் செய்ய வேண்டும் என்று தேடினான். கிடைத்த இடம் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில். பழைய ஊர் அறையைக் காலி செய்ய முடியாமல் ஆறு மாதம் இரண்டு ஊருக்கும் வாடகை கட்டினான். “கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை டிபி ரயிலுக்கும் வீட்டுக்காரனுக்கும் கொடுத்துட்டேன் சார்” என்று போனில் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பையன் ஏன் அங்கே போனான் என்பதில்தான் இந்த மாநிலத்தின் பலம் இருக்கிறது. பென்ஸ், போர்ஷே, போஷ் மூன்றையும் தம்பியே சொன்னான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1886இல் கார்ல் பென்ஸ் மான்ஹைமில் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார், அதே ஆண்டில் ராபர்ட் போஷ் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை திறந்தார். உங்கள் பட்டறை மாதிரிதான், சின்ன இடம். ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது இந்தப் பெரிய பெயர்களை அல்ல.

திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஊசிகளுக்கு உலக அளவில் முதன்மையான பெயர் குரோஸ்-பெக்கர்ட். அதன் தலைமையிடம் ஆல்ப்ஸ்டாட் என்ற மலையூர், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே. கார் கழுவும் கடையில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் கார்ஷர் பம்ப் வின்னண்டனில் இருந்து வருகிறது. மரம் அறுக்கும் ‘ஸ்டீல்’ (Stihl) கம்பெனி ரம்பம் வைப்லிங்கனில் இருந்து. காற்றழுத்த சிலிண்டர் செய்யும் ஃபெஸ்டோ எஸ்லிங்கனில். தகடு வெட்டும் லேசர் இயந்திரத்துக்குப் பேர்போன ட்ரும்ஃப் டிட்சிங்கனில். இன்று உலகத்தின் மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் டச்சு இயந்திரத்துக்குள் இருக்கும் லேசர் இந்த ட்ரும்ஃப் செய்வது, கண்ணாடிகள் அதே மாநிலத்தின் ஓபர்கோஹனில் ஸைஸ் செய்வது. இவற்றில் பல அவினாசி, அன்னூர் மாதிரிச் சின்ன ஊர்கள். மென்பொருள் பக்கம் வால்டோர்ஃபில் எஸ்ஏபி. பரப்பில் தமிழ்நாட்டின் கால் பங்கைவிடக் கொஞ்சம் பெரிய, ஒரு கோடியே சொச்சம் பேர் வாழும் மாநிலத்துக்குள் இத்தனை.

லேத்துப் பக்கத்தில் வளர்ந்த பையனுக்கு இது தனி வசதி. தம்பி எட்டாவது படிக்கும்போதே மைக்ரோமீட்டர் பிடித்ததாகச் சொன்னீர்களே, அதைத் தன் விண்ணப்பக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை அவன். “பேஷனேட் அபௌட் இன்னோவேஷன்” என்று எழுதி வைத்திருக்கிறான். அதை அடித்துவிட்டு மைக்ரோமீட்டரை எழுதச் சொல்லுங்கள்.

இனி கசப்பானது. கார் தொழில் இப்போது அங்கே படுத்திருக்கிறது. கியர் பெட்டி செய்யும் இஸட்எஃப், 2028 முடிவதற்குள் ஜெர்மனியில் 14,000 வேலைகள் வரை குறைப்பதாக 2024இல் அறிவித்தது. போஷ் 2025 செப்டம்பரில் வாகனப் பிரிவில் இன்னும் 13,000 என்றது. மின்சார வண்டிக்கு அவ்வளவு உதிரிபாகம் தேவையில்லை, சீனாவில் விற்பனை சரிந்துவிட்டது, காரணங்கள் உங்களுக்கே தெரியும். நம் ஊர் ஃபவுண்டரிக்காரர்களும் இதையேதான் பேசுகிறார்கள். ஒரே தொழிலை நம்பிய ஊருக்கு வருகிற சங்கடம் இது. அதனால் தம்பி பார்த்து வைத்திருக்கும் இரண்டு ஸ்டுட்கார்ட் பக்கத்துப் படிப்புகளில் “ஆட்டோமோட்டிவ்” என்று பெயர் வைத்ததை விட்டுவிட்டு உற்பத்தித் தொழில்நுட்பப் படிப்பை எடுக்கச் சொல்வேன். அது காருக்கும் ஆகும், மருத்துவக் கருவிக்கும் ஆகும், பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கும் ஆகும். பெயரில் கார் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று அவனுடைய சீனியர் சொன்னாராம். அந்த சீனியர் சேர்ந்த காலம் வேறு.

அடுத்தது மொழி. இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். படிப்பு ஆங்கிலத்தில், சரி. வேலை? பெர்லினில் ஆங்கிலத்தை வைத்தே ஒப்பேற்றிவிடும் மென்பொருள் நிறுவனங்கள் உண்டு. டிட்சிங்கனிலும் ஆல்ப்ஸ்டாட்டிலும் பட்டறைத் தளத்தில் நிற்கும் மேஸ்திரி ஆங்கிலம் பேச மாட்டார். அவர் பேசுவது புத்தக ஜெர்மனும் அல்ல, ஷ்வாபிய வட்டார வழக்கு. “எங்களுக்கு எல்லாம் வரும், நல்ல ஜெர்மன் தவிர” என்று அந்த மாநில அரசே 1999இல் தன்னைக் கேலி செய்து விளம்பரம் போட்டது, இருபது ஆண்டுக்கு மேல் அந்த வாசகம் ஓடியது. என்னிடம் வந்து போன ஒரு பெண், மதிப்பெண்ணில் கெட்டிக்காரி. நேர்காணல் முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் நன்றாகப் போயிருக்கிறது. கடைசியில் தளப் பொறுப்பாளர் உள்ளே வந்து, ஒரு உதிரிபாகத்தை அவள் கையில் கொடுத்து ஏதோ கேட்டிருக்கிறார். பாகத்தில் என்ன குறை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் அப்போது ஏ2 சான்றிதழ்தான், அதாவது ஆரம்பநிலை ஜெர்மன்தான், இருந்தது.

அதனால் இங்கே இருக்கும்போதே அதற்கு அடுத்த நிலையான பி1 முடிக்க வேண்டும், அங்கே முதல் ஆண்டிலேயே அதற்கும் மேலான பி2. “போய்ப் பேசிப் பழகிக்கலாம்” என்பது நடக்காது. அறையில் மூன்று தமிழ்ப் பையன்கள், எதிர் அறையில் இரண்டு தெலுங்குப் பையன்கள் என்றால் யாரோடு பழகுவது? இன்னொரு பலனும் உண்டு. அங்கேயே பட்டம் வாங்கியவர், தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு ஓய்வூதிய நிதி கட்டியிருந்தால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பி1 மொழி கேட்பார்கள். பட்டம் முடித்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழி இல்லாதவனுக்கு அது கரைந்துபோகும்.

வீடு. ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர், சுற்றி மலை, கட்டடம் விரிய இடமில்லை. ஜெர்மனியில் வாடகை அதிகமான நகரங்களில் ஒன்று. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே போட்டு, மாதத் தவணையாக மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோவைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 992 வரும். வெளியில் அறை எடுத்தால் வாடகைக்கே அதில் பாதி போகலாம், மருத்துவக் காப்பீட்டுக்கு 140க்கு மேல், மீதியில்தான் சோறு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போட வேண்டும், வரிசை நீளம். அறையைப் பார்க்காமல், சாவி கைக்கு வராமல் முன்பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் அனுப்பாதீர்கள், உரிமையாளர் லண்டனில் இருக்கிறார் என்ற கதை வந்தால் நிச்சயம் மோசடி. எஸ்லிங்கன், ரொய்ட்லிங்கன், ஆலன் மாதிரி ஊர்களில் இருக்கும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளையும் நான் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம், அங்கே பாடமே தொழிற்சாலையை ஒட்டித்தான் நடக்கும். 27 வயது நிறையாத மாணவர்களுக்கு நாடு முழுக்கச் செல்லும் பயணச் சீட்டை இந்த மாநிலம் தள்ளுபடி விலைக்குத் தருகிறது, தூரம் அவ்வளவு வலிக்காது. ரயில் நேரத்துக்கு வருமா என்று கேட்காதீர்கள். ஸ்டுட்கார்ட் பெரிய ரயில் நிலையத்தைப் புதிதாகக் கட்ட 2010இல் ஆரம்பித்தார்கள், இன்னும் முடிக்கவில்லை. ஜெர்மன்காரன் எதையும் சொன்ன தேதியில் முடிப்பான் என்று நம்பும் என் மைத்துனருக்கு இதைத்தான் காட்டுவேன்.

தம்பியின் அம்மா அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். ஒன்று சொல்கிறேன். நம் லைன் வீடுகளில் முறைவாசல் உண்டல்லவா, இந்த வாரம் இவர்கள், அடுத்த வாரம் அவர்கள்? அதே வழக்கம் அங்கேயும் இருக்கிறது, ‘கேர்வோஹ’ என்பார்கள். வாரம் மாறும்போது ஒரு சின்னப் பலகை உங்கள் கதவுக் கைப்பிடியில் வந்து தொங்கும். அந்த வாரம் மாடிப்படி துடைப்பது, நடைபாதை பெருக்குவது உங்கள் பொறுப்பு. துடைக்காவிட்டால் கீழ் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார். துடைத்தால் அதே பாட்டி கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் தட்டு கொடுப்பார். நம் பையன்கள் பலர் வீட்டில் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை. இந்த நான்கு மாதத்தில் பழக்குங்கள், இட்லி மாவு கரைப்பதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். குளிரைவிட இந்த இருட்டுத்தான் பிள்ளைகளை வாட்டுகிறது. நவம்பர் தொடங்கி வாரம் ஒரு முறையாவது வீடியோவில் முகத்தைப் பாருங்கள், குரலை மட்டும் நம்பாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள். வரும் மார்ச்சுக்குள் பி1 தேறினால் வலப்பக்கம்தான், தயக்கமே வேண்டாம். தேறவில்லை என்றால் டூயிஸ்பர்க் போகட்டும், செலவாவது குறையும். அங்கேயும் மொழி வேண்டும், ஆனால் மாதம் 250 யூரோவின் நெருக்கடி இல்லாமல் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். நடுவில் யாராவது ஏஜெண்ட் தனியார் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, மொழியே வேண்டாம் என்று ஆசை காட்டினால் எனக்கு ஒரு போன் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தேர்வுக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதியை இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். சலானை என்னிடமே பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் பார்ட்டி கையெழுத்து போட்டு 240 ஷாஃப்ட் என்று இருக்கிறது, பில்லுக்குத் தேவைப்படும் என்று நினைக்கிறேன். பட்டறைப் பையனை அனுப்புங்கள், கொடுத்தனுப்புகிறேன்.