உங்கள் மனதை மிகவும் பாதித்த பழங்கால நாணயம் எது, ஏன்?

ரோமப் பேரரசர் மூன்றாம் கோர்டியனின் வெள்ளிக் காசு. அபூர்வமானது ஒன்றுமில்லை, அந்தக் காலத்தில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அதனால் நாணயம் சேர்ப்பவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. என்னிடம் இருப்பவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது இதைத்தான்.

காரணம் அந்த முகம். மீசை அரும்பாத பையன். தலையில் கதிர் கதிராக நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம், அதைக் கட்டிய நாடா பிடரியில் தொங்குகிறது. அரியணை ஏறியபோது வயது 13.

ஏறிய விதம்தான் கொடுமை. கி.பி. 238, ஒரே வருடத்தில் ஆறு பேரரசர்கள். அப்போது ஆண்டுகொண்டிருந்த மாக்சிமினஸை எதிர்த்து ஆப்பிரிக்காவில் இவனுடைய தாத்தாவையும் தாய்மாமனையும் பேரரசர்களாக அறிவித்தார்கள். மூன்று வாரத்தில் மாமன் கார்த்தேஜில் போரில் சாக, சேதி கேட்ட தாத்தா தற்கொலை செய்துகொண்டார். செனட் சபை புப்பியேனஸ், பால்பினஸ் என்று இருவரைத் தேர்ந்தெடுத்தது. ரோம் மக்கள் கோர்டியன் வீட்டு ஆள் வேண்டும் என்று கலகம் செய்ய, பையனையும் இளவரசனாக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். மாக்சிமினஸைச் சொந்தப் படையே கொன்றது. அப்புறம் மெய்க்காவல் படை அந்த இருவரையும் வெட்டிப் போட, மிஞ்சியவன் இவன் மட்டும்தான்.

அவன் ஆண்டான் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவன் முகத்தை வைத்து மற்றவர்கள் ஆண்டார்கள். அதில் உருப்படியானவர் திமெசிதியஸ். 241-இல் தன் மகளை இவனுக்குக் கட்டிக்கொடுத்து, மெய்க்காவல் படைத் தலைவராகி, பாரசீகர் மீது படையெடுத்து ரெசைனாவில் வென்றும் காட்டினார். காசையும் கவனியுங்கள்: மதிப்பு இரண்டு தெனாரியஸ் (ரோமின் வழக்கமான வெள்ளிக் காசு), உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றரை தெனாரியஸுக்கான வெள்ளிதான். ஒரு வகைக் காசின் பின்பக்கம் சூரியக் கடவுள் கையில் உலக உருண்டையோடு நிற்பார், சுற்றி 'பேரரசரின் நித்தியத்துக்கு' என்ற எழுத்து.

243-இல் திமெசிதியஸ் இறந்தார், அவர் இடத்துக்குப் பிலிப் வந்தார். 244-இல் கோர்டியன் மெசபத்தேமியாவில் செத்தான், வயது 19. பிலிப் செய்த சதி என்பது ரோமானியர் எழுதியது. பாரசீகருடன் நடந்த மிசிகே போரில் கொல்லப்பட்டான், அடுத்துப் பேரரசனான பிலிப் 5 லட்சம் தெனாரியஸ் கொடுத்துச் சமாதானம் கேட்டான் என்று ஈரானின் நக்ஷ்-இ-ருஸ்தமில் பாரசீக அரசர் ஷாபூரின் கல்வெட்டு சொல்கிறது. ஷாபூர் பெருமையடிப்பவர்தான், ஆனால் அவ்வளவு பணம் கைமாறியிருக்கிறது என்றால் ரோமானியர் அங்கே நன்றாக அடி வாங்கியிருக்க வேண்டும். அதனால் நான் கல்வெட்டின் பக்கம்.