மின் சிகரெட் பேட்டரி முழு சார்ஜ் காட்டியும் நாலே இழுப்பில் அணைந்துவிடுவது ஏன்?

துபாயிலிருந்து வந்த மச்சான் இரண்டு மின் சிகரெட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போனார், ஒன்று பேனா மாதிரி, மற்றது செல்லைக் கழற்றி மாட்டும் பெட்டி, இரண்டும் ஒரு நாள் ஓடுகின்றன, மறுநாள் விளக்கு சிமிட்டி நின்றுவிடுகின்றன, சென்னையின் மின்னணுச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றித் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தர மாட்டார்கள். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து அதே வருடம் டிசம்பரில் முழுச் சட்டமான மின் சிகரெட் தடையில், தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் அடக்கம். முழுப் பொருளாக இருந்தாலும் உதிரி பாகமாக இருந்தாலும் ஒன்றுதான். முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சான் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்ததும் இறக்குமதிதான். அடுத்த தடவை வாங்கி வரச் சொல்லாதீர்கள்.

ஆனால் "முழு சார்ஜ் காட்டுது, ஓடலை" என்ற புகார் மின் சிகரெட்டுக்கு மட்டும் உரியது இல்லை. டார்ச் லைட், வயர்லெஸ் மைக், பவர் பேங்க் என்று பதினாறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் புகார் அது. நான் புகைப்பவன் இல்லை. லித்தியம் செல் என் பிழைப்பு, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் மாடி டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தளும்புகிறது. ஆனால் போர் தண்ணீர் ஓடி ஓடிக் குழாய்க்குள் உப்புப் படிந்துவிட்டது. ஒரு குழாயைத் திறந்தால் வருகிறது, ஷவரைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. டேங்க் மேல் என்ன குறை? பழைய செல்லும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது வோல்ட் சரியாக இருக்கும், காட்டும் விளக்கும் அதை நம்பித்தான் எரிகிறது. பட்டனை அழுத்தி, உள்ளே திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள் கரண்டை இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கணக்காகவே பாருங்கள். செல் 3.8 வோல்ட், சுருள் அரை ஓம். நல்ல செல்லின் உள்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரண்டை மறிக்கும் தடை, 0.05 ஓம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர் ஓடும், முனையில் 3.45 வோல்ட் நிற்கும். வயசான செல்லில் அந்தத் தடை 0.2 ஆகிவிட்டால் முனையில் 2.7 வோல்ட்தான். கருவி "சார்ஜ் தீர்ந்தது" என்று முடிவு கட்டிச் சிமிட்டும், அணையும். இரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தால் மறுபடி 3.7 காட்டும். "நேற்று ஓடிச்சு, இன்னைக்கு ஓடலை" என்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

செல் கழற்றும் பெட்டி என்றால் இதை வீட்டிலேயே பிடித்துவிடலாம். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட் இருக்கும். கழற்றி ஓர் இரவு தனியாக வைத்துக் காலையில் மல்டிமீட்டரில் பாருங்கள். 4.1க்கு மேல் நின்றால் பரவாயில்லை, 4க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, அந்தச் செல் வேண்டாம். நான் கடையில் இன்னொன்றும் செய்வேன்: பழைய பைக் ஹெட்லைட் பல்பு, 12 வோல்ட் 35 வாட், அதைச் செல்லுக்குக் குறுக்கே சில நொடி மாட்டுவேன். மங்கலாக எரியும். எரியும்போது வோல்ட் 0.1 போல் குறைந்தால் செல் திடமானது. 0.3, 0.4 என்று சரிந்தால் ஆட்டம் முடிந்தது.

பேனா மாடலில் முக்கால்வாசி நேரம் செல் மேல் தப்பே இருக்காது. மேல் பாகத்தைத் திருகும் மரைக்கு 510 என்று பெயர், 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 10 மரை. இறுக்கித் திருகினால் நடுவில் உள்ள பின் உள்ளே அமுங்கி, தொட்டும் தொடாமலும் நிற்கும். அணைத்துவிட்டுப் பல் குத்தும் குச்சியால் ஒரு மயிரிழை தூக்கினால் சரியாகிவிடும். ஊசி, ஸ்க்ரூ டிரைவர் கூடாது, பின்னும் மரையும் சேர்ந்தால் ஷார்ட். இன்னொன்று அழுக்கு. அந்தத் திரவத்தில் கிளிசரின் இருக்கிறது, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் கடல் காற்றில் கேட்கவா வேண்டும்! மரையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கரண்டை மறிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

பல பேனாக்களில் பட்டனை வேகமாக ஐந்து தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி ஐந்து அழுத்தினால் திறக்கும். சட்டைப் பையில் தானாகப் பூட்டிக்கொண்டதை "செத்துப்போச்சு" என்று எடுத்துவந்தவர்களை எனக்குத் தெரியும். டைப்-சி ஓட்டை உள்ள மலிவு மாடல் என்றால், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாமல் போகலாம். சார்ஜர் கரண்டைத் திறந்துவிட, உள்ளே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டிருக்க வேண்டும், அந்தச் சில பைசாவை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு பக்கம் பழைய அகல யுஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டால் ஏறும்.

சரி, பெட்டிக்குச் செல் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். 18650 செல் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம்) டார்ச்சுக்கென்று எங்கும் கிடைக்கிறது. இங்கேதான் நானே ஏமாந்தேன். ஒரு நடைபாதைக் கடையில் "9800 எம்ஏஎச்" (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று அச்சடித்த ஆறு செல் டார்ச்சுக்கு வாங்கினேன். கையில் எடுத்தபோதே காற்று மாதிரி இருந்தது. பக்கத்து அடகுக்கடை சேட்டுவின் தராசில் வைத்தால் 27 கிராம்! "என்ன தம்பி, கவரிங்கா?" என்றார் சேட்டு. நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். சார்ஜ் கொள்ளளவோ, சந்தையில் பரவலாகக் கிடைப்பதில் 3500 எம்ஏஎச் பக்கம்தான் உச்சம். இப்படிப்பட்ட செல்லை டார்ச்சில் போட்டால் வெளிச்சம் குறையும், அவ்வளவே. முகத்துக்கு நேரே பிடித்து 7 ஆம்பியர் இழுக்கும் கருவியில் போட்டால் கதையே வேறு. தாங்காத கரண்டில் சூடேறி, உள்ளே இரண்டு முனையையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகினால், பிறகு யாரும் நிறுத்த முடியாது.

அதனால் உப்பிய செல், மேலுறை கிழிந்த செல், சார்ஜில் கை பொறுக்காத அளவுக்குச் சுடும் செல், மூன்றையும் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். உள்தடை ஏறிய செல்லைப் பழையபடி ஆக்கும் வித்தை என்னிடம் இல்லை. பேனாவை உடைத்து உள்ளே சால்டரிங் வைப்பது அதைவிட மோசம். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடவே கூடாது என்பார்கள், 2003 மே 31 அன்று சென்னை வெயிலே 45ஐத் தொட்டது. மூடிய காருக்குள் அதைவிட அதிகம், அங்கே வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

தூக்கிப் போடுவதற்கும் முறை உண்டு. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றும். முனைகள் இரண்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பழைய பூந்தொட்டியில் காய்ந்த மணல் போட்டு அதில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. என் ஆறு "9800" செல்லும் அப்படித்தான் போயின. ஒன்றை மட்டும் டேப் சுற்றி மேசை மேல் வைத்திருக்கிறேன், பேரம் பேசும் வாடிக்கையாளர் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்ல.