சார்ஜரைப் பார்க்காதீர்கள், கம்பத்தைப் பாருங்கள்

கேள்வி: ஓமலூர் தாண்டி, பெங்களூரு சாலை ஓரத்தில் எங்கள் உணவகம் இருக்கிறது. முன்பக்கக் காலி இடத்தை மின்சாரக் கார்களுக்கான ஒரு சார்ஜிங் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். 120 கிலோவாட் சார்ஜர் இரண்டு வைப்பதாகப் பேச்சு. பீடம் கட்டி, சார்ஜரையும் நிறுத்திவிட்டார்கள். மேலே சுற்றிய பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கேட்டால் "தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்கிறார்கள், ஆனால் ஆள் வருவதில்லை. நிலையம் இயங்கத் தொடங்கினால்தான் எங்களுக்கு வாடகை. வேலை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: சார்ஜர் வந்து நின்றதைப் பெரிய முன்னேற்றமாக எண்ண வேண்டாம். பீடம் தயாராக இருந்தால் அதை இறக்கி போல்ட் போடுவது ஒரு நாள் வேலை. கேபிளும் மின்சாரமும் இருந்தால் இயக்கிப் பார்க்க இன்னும் ஓரிரு நாள் ஆகும். நிலையம் திறக்கும் தேதியைத் தீர்மானிப்பது மின் இணைப்புதான். அதனால் கணக்கை மின்வாரியக் கம்பத்தில் தொடங்கி சார்ஜரை நோக்கி வாருங்கள். கம்பெனி மறுமுனையிலிருந்து எண்ணுகிறது, அதனால்தான் தொண்ணூறு வருகிறது.

முதலில் காகிதங்கள். மின் இணைப்பு விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். அது இருந்தால் மின்வாரிய இணையதளத்தில் நிலவரம் பார்க்கலாம், பிரிவு அலுவலகத்திலும் விசாரிக்கலாம். விண்ணப்பம் கொடுத்தது மட்டும் போதாது. இடத்தை ஆய்வு செய்து எஸ்டிமேட் போட்டார்களா, அதற்கான வளர்ச்சிக் கட்டணமும் காப்புத்தொகையும் கட்டிய ரசீது இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பணம் கட்டாத விண்ணப்பம் நகராது. பல இடங்களில் வேலை நின்று கிடப்பதற்கு இதுவே காரணம், வெளியே சொல்லும் காரணம் வேறாக இருக்கும். விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால் நாளைக்கு மின்கட்டண பாக்கியும் உங்கள் தலையில்தான்.

அதே காகிதத்தில் எத்தனை கேவிஏ (இணைப்பின் மின் கொள்ளளவு, ஏறத்தாழ கிலோவாட் போலவே) கேட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 120 கிலோவாட் சார்ஜர் இரண்டு முழு வேகத்தில் ஓடினால் வெளியே போவது 240 கிலோவாட். ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும்போது ஐந்து சதவீதம் போல வீணாகும், ஆகவே உள்ளே இழுப்பது 250ஐத் தாண்டும். இதற்கு 315 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர்தான் பொருத்தம். 250 கேவிஏ வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாதபடி மென்பொருளில் கட்டுப்பாடு வைத்திருக்க வேண்டும். அதுவும் தவறில்லை, ஆனால் தெரிந்து செய்திருக்க வேண்டும். 100, 150 என்று கேட்டிருந்தால் பலகையில் 240 என்று எழுதினாலும் அந்த வேகம் கிடைக்கப் போவதில்லை.

அடுத்தது களம். இந்த அளவு மின்சாரம் சாதாரண தெருக் கம்பத்திலிருந்து கிடைக்காது. உயர் அழுத்த லைனிலிருந்து, அதாவது 11 அல்லது 22 கிலோவோல்ட் லைனிலிருந்து தனியாக எடுக்க வேண்டும். அந்த லைன் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் என்றால் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க நெடுஞ்சாலை ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாகனங்கள் உள்ளே நுழைந்து வெளியேறும் வழிக்கும் தனி அனுமதி உண்டு. இந்த இரண்டில் ஒன்று தேங்கினாலே மாதக்கணக்கில் போகும், எனவே அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அனுமதிச் சிக்கல் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை இந்த வரிசையில் வரும். இரட்டைக் கம்பம், அதில் ஏ.பி. ஸ்விட்சும் (லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இடிதாங்கியும். பிறகு பீடத்தின் மேல் ட்ரான்ஸ்ஃபார்மர். அதன் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வையுங்கள்: கேவிஏ, வரிசை எண், தயாரித்த ஆண்டு. சுற்றிலும் கம்பிவேலி, கீழே ஜல்லி, அபாயப் பலகை. வேலியும் ஜல்லியும் இல்லாமல் ட்ரான்ஸ்ஃபார்மர் நின்றால் மின் ஆய்வாளர் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் தரும் பாதுகாப்புச் சான்று இல்லாமல் உயர் அழுத்த இணைப்பில் மின்சாரம் விட மாட்டார்கள். அதன் பிறகு வாரியத்தின் எம்.ஆர்.டி. பிரிவு (மீட்டர், ரிலே சோதனைப் பிரிவு) மீட்டரைச் சோதித்து முத்திரை வைக்கும். முத்திரையிட்ட மீட்டரைப் பார்த்த பிறகு "தொண்ணூறு" என்றால் நம்பலாம்.

சேலத்துக்கே உரிய ஒரு தலைவலி எர்த். இந்தப் பக்கம் மேலே ஓரிரு அடி செம்மண், அடியில் பாறை. கருப்பூர்ப் பக்கம் போனால் வெள்ளைக்கல். பாறையில் ஈரம் நிற்காது, எர்த் மின்தடை ஏறிவிடும். சார்ஜர்காரர்கள் பொதுவாக 1 ஓமுக்குப் பக்கத்தில் கேட்பார்கள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அது எகிறினால் கன்னை (காரில் சொருகும் கைப்பிடி முனை) சொருகியதும் சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும், பழியைக் காரின் மேல் போடுவார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலுக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு, இடிதாங்கிக்குத் தனி, சார்ஜர்களுக்குத் தனி என்று எர்த் குழிகளை எண்ணிப் பாருங்கள். எர்த் மெக்கர் (எர்த் மின்தடை அளக்கும் கருவி) வைத்து அளந்த தாளையும் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் அளந்த எண் அழகாகத்தான் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் அளந்ததுதான் கணக்கு.

பாறை இன்னொரு வேலையும் காட்டும். கேபிள் பள்ளம் தாழ்வழுத்தத்துக்கு முக்கால் மீட்டர், 11 கிலோவோல்ட்டுக்கு 90 சென்டிமீட்டர், 22க்கு 1.05 மீட்டர் இருக்க வேண்டும். பாறை வந்ததும் ஓரடியில் நிறுத்திவிட்டு மண்ணைத் தள்ளி மூடுகிறவர்கள் உண்டு. மூடும் முன் அளவுகோலோடு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீழே மணல், கேபிளுக்கு மேல் செங்கல் வரிசை, எச்சரிக்கை நாடா எல்லாம் அந்தப் படத்தில் தெரிய வேண்டும். ஒவ்வொரு சார்ஜரும் 180 ஆம்பியர் அளவில் இழுக்கும், ஆகவே 185 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கவசம் சுற்றியது) போடுவது வழக்கம். மேலுறையிலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

நிற்கும் சார்ஜரைச் சும்மா விடாதீர்கள். கேபிள் நுழையும் அடிப்பக்கத் துளை திறந்திருந்தால் எலி உள்ளே போய்விடும். உறைக்குள் ஈரமும் கட்டும். துளையை ஃபோம் வைத்து அடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மின்சாரம் வந்த அன்று ஒரு கன்னில் ஒரு காரைச் சொருகிப் படம் எடுத்துவிட்டுத் திறந்துவிட்டதாக எழுதுவார்கள். இரண்டு சார்ஜரிலும் ஒரே நேரத்தில் கார்களை நிறுத்தி, மதிய வெயிலில் அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். சூடு ஏறினால் சார்ஜர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேற்கூரை இல்லாத இடத்தில் இது சீக்கிரமே தெரிந்துவிடும். சிவப்பு அவசர பொத்தானை அழுத்தினால் உடனே நிற்கிறதா, சிம் சிக்னல் இருக்கிறதா, கைபேசிச் செயலியில் நிலையம் தெரிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

இணைப்பு வர எத்தனை நாள் ஆகும் என்று ஏற்காட்டில் இடம் வைத்திருப்பவர்களும் கேட்பதுண்டு. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் வந்த திருத்தப்படி, புதிய இணைப்புக்குக் கிராமப்புறத்தில் 15 நாள், மலைப்பாங்கான கிராமப்புறத்தில் 30 நாள் கெடு. புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தால் அது நீளும்.

இனி வாடகை. "இயங்கத் தொடங்கிய நாள்" என்பது கம்பெனி சொல்லும் நாளாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் ஒரு துணைப் பத்திரம் போட்டு, மீட்டர் பொருத்தி மின்சாரம் விட்ட நாளிலிருந்து வாடகை என்று மாற்றக் கேளுங்கள். அது வாரிய ஆவணத்தில் பதிவாகும் தேதி, வாதத்துக்கு இடமில்லை. கூடவே ஒரு கடைசித் தேதியும் வேண்டும்: அதற்குள் மின்சாரம் வராவிட்டால் பாதி வாடகையாவது ஓட வேண்டும், அல்லது இடத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டும். மறுத்தார்கள் என்றால் எஸ்டிமேட் பணம் இன்னும் கட்டப்படவில்லை என்று சந்தேகப்படலாம், ரசீதை மறுபடி கேளுங்கள்.