2147483647 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

இந்த எண்ணால் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனிக்குக் கணக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். தசமப் புள்ளி தொல்லை வேண்டாமென்று எல்லாத் தொகையையும் பைசாவாகவே வைத்தேன். கணவாய் சீசனில் ஒருநாள் வருஷ மொத்தம் மைனஸில் போய் நின்றது. கணக்குப் பார்க்கிற அண்ணன் போன் போட்டு, "தம்பி, நேத்து வரைக்கும் லாபத்துலதானய்யா ஓடுச்சு?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். மொத்தத்தை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கிற 32 இடங்களில் வைத்திருந்தேன். அதில் ஒன்று பிளஸ்-மைனஸ் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 பிட்டில் அடங்குகிற பெரிய எண் 2147483647. பைசாக் கணக்கில் 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா. அதற்கு மேல் ஒரு பைசா ஏறினாலும் குடை சாய்ந்துவிடும்.

ஆனால் கணிதக்காரர்களுக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு: இது ஒரு பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. பாம்பனில் என் அப்பத்தா நண்டைக் கூறு போட்டு விற்பார். 31 நண்டு வந்தால் இரண்டு கூறு போட்டாலும், மூன்று போட்டாலும், ஐந்து போட்டாலும் ஒன்று மிஞ்சும். மிஞ்சினது எனக்கு. 31-க்குப் பகா எண் என்று பெயர் இருப்பதெல்லாம் அப்போது தெரியாது; அது வந்தால் நல்ல நாள், அவ்வளவுதான்.

இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் நம் எண் வரும். இந்த வகைக்கு மெர்சென் எண் என்று பெயர். இப்படி வருவது பகா எண்ணாக இருக்க, அடுக்கு (இரண்டை எத்தனை முறை பெருக்குகிறோம் என்பது) பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 11 பகா எண்தான், ஆனால் 11 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கியது. 2024-ல் கண்டுபிடித்த, 4 கோடி இலக்கத்துக்கு மேல் நீளும் பகா எண்ணும் இதே குடும்பம்தான்.

நம் எண் பகா எண் என்று 1772-ல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,340 சொச்சம், அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது ஆகிற காரியமா? அவர் வலையின் கண்ணைச் சிறிதாக்கினார். இதை வகுக்கிற எண் எதுவானாலும் அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வர வேண்டும். இந்த இரண்டிலும் தேறுகிற எண்கள் 46,340-க்குள் நானூறுகூட இல்லை. அதிலும் பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எனக்கு இந்த எண்ணைவிட இந்த வடிகட்டல்தான் அழகு.

கம்ப்யூட்டரின் எல்லையாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும் தற்செயலாக ஒரே இடத்தில் சேர்ந்தவை. மறுநாளே ப்ரோக்ராமை 64 பிட்டுக்கு மாற்றினேன். அதன் எல்லை 9223372036854775807. அப்பத்தா அதை ஏழு கூறு போட்டிருந்தால் எனக்கு ஒரு நண்டும் மிஞ்சியிருக்காது.