அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைக்கு வாந்தி: அக்குபஞ்சர் உதவுமா?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு மாறுகண் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். இவன் அக்காவுக்கு டான்சில் எடுத்த அன்று ஓயாத வாந்தி. மணிக்கட்டில் அக்குபஞ்சர் செய்தால் வாந்தி வராது என்கிறார்கள். மருந்துக்குப் பதில் அதைச் செய்யலாமா?

பதில்: மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். மருந்தை விட்டுவிட்டு வேண்டாம். வாந்தி வருமா என்று கணிக்க மயக்க மருத்துவர்கள் முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்ப்போம்: 3 வயதைத் தாண்டியிருப்பது, சிகிச்சை அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீள்வது, மாறுகண் அறுவை சிகிச்சை, குழந்தைக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ முன்பு இப்படி வாந்தி வந்திருப்பது. நான்கும் இருந்து, தடுப்பு மருந்தும் தராவிட்டால், 10 குழந்தைகளில் சுமார் 7 பேருக்கு வாந்தி வரும். உங்கள் மகனுக்கு மூன்று நிச்சயம் பொருந்துகின்றன. நேரமும் நீண்டால் நான்கும்தான். கண் தசையை இழுக்கும்போது எழும் நரம்புத் தூண்டலே வாந்தி மையத்தைக் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் என்ற இரண்டு வாந்தித் தடுப்பு மருந்துகளையும் மயக்கத்திலேயே கொடுத்துவிடுவது வழக்கம்.

அக்குபஞ்சரை ஒதுக்கவும் முடியாது. 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையில், மணிக்கட்டில் உள்ள 'பி6' என்ற அக்குபஞ்சர் புள்ளியைத் தூண்டியவர்களுக்குப் போலித் தூண்டல் பெற்றவர்களைவிட வாந்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பக்கவிளைவுகளும் லேசானவையே. ஆனால் பல ஆய்வுகளின் தரம் சுமார்தான்; அதை மட்டும் நம்பி இவ்வளவு ஆபத்துள்ள குழந்தையை விட எனக்கு மனம் வராது.

அந்தப் புள்ளி உள்மணிக்கட்டில் இருக்கிறது. மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கை நோக்கிக் குழந்தையின் மூன்று விரல் அகலம் (உங்கள் விரல் அல்ல) தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. அதற்கு அடியில் முக்கியமான நரம்பு ஓடுவதால் ஊசியைப் பயிற்சி பெற்றவரே போட வேண்டும். குழந்தை மயங்கிய பிறகு போட்டால் வலியோ பயமோ இருக்காது. ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் ஊசி வேண்டாம். அப்போது அந்தப் புள்ளியை அழுத்தும், பொத்தான் வைத்த மணிக்கட்டுப் பட்டை போதும். விரல்கள் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றுங்கள்.

எதைச் செய்வதானாலும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். டிரிப் ஏற்றும் கையைப் பார்த்துத்தான் அவர் ஊசிக்கோ பட்டைக்கோ இடம் ஒதுக்க முடியும். அக்காவுக்கு வந்த வாந்தியையும் மறக்காமல் சொல்லுங்கள், மருந்தைத் தீர்மானிக்க அதுதான் அவருக்கு அதிகம் உதவும். கண் விழித்ததும் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவனே கேட்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி நிற்காமல், சிறுநீர் குறைந்து, துவண்டு போனால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.