கத்தோலிக்கத் திருச்சபையைத் தொடங்கியது கான்ஸ்டன்டைன் மன்னரா?

இல்லை. ரோமப் பேரரசரான அவர் 313-இல் கிறிஸ்தவர்களுக்குத் தந்தது வழிபாட்டுச் சுதந்திரம். கிறிஸ்தவத்தை அரசு மதமாக்கியது 380-இல் பேரரசர் தியோடோசியஸ். 'கத்தோலிக்க' என்ற சொல்லோ கான்ஸ்டன்டைனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மூத்தது. அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. 'எங்கும் பொதுவான' என்று பொருள். புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யின் கோயில்களில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை' என்கிறார்களே, அதே சொல்தான்!

அதற்காக இன்றைய வத்திக்கான் அன்றே இருந்தது என்றால் அதுவும் தப்பு. ஆயர், ஞானஸ்நானம், நற்கருணை எல்லாம் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் சிரியாவின் துரா யூரோப்போஸில் தோண்டியெடுத்த மூன்றாம் நூற்றாண்டுக் கோயில் வெறும் வீடு. ஓர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஓவியங்கள். போப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கர்தினால்களிடம் வந்ததே 1059-இல்தான். ஆதித் திருச்சபையின் வாரிசு நாங்களே என்று ஆர்த்தடாக்ஸ் சபைகளும் சொல்கின்றன. அதையும் லேசில் தள்ளிவிட முடியாது.