அக்காவை மலைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: பல வருடங்களாக ட்ரெக்கிங் போகிறவன் நான். அடுத்த மாதம் என் அக்காவை முதல்முறையாக ஒரு நாள் நடைக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறார். வேறு நோய் இல்லை. மலையேறும்போது மாரடைப்பில் விழுந்தவர்களின் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஸ்மார்ட் வாட்சில் நாடித்துடிப்பு எதுவரை போகலாம்? முட்டி வலிக்காமல் இருக்கப் புறப்படும் முன்பே இபுப்ரோஃபென் கொடுக்கலாமா? எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்? கை விரல்கள் வீங்குமாமே? அவருக்கு ஏதாவது ஆகி, பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டால்?

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும். கருவி எதுவும் வேண்டாம். அக்காவைச் சின்ன வயதிலிருந்து உங்களுக்குத் தெரியும், அது போதும்.

வெயிலில் உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். மழையில் நனைந்து காற்றில் விறைத்துப் போகலாம். ரத்தத்தில் சோடியம் குறையலாம். 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயரம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காரணங்கள் வேறு வேறு. ஆனால் ஆபத்தான கட்டத்தை எட்டும்போது எல்லாமே மூளையைத்தான் பிடிக்கும். அப்போது ஆளே மாறிப் போவார். காலையிலிருந்து பேசிக்கொண்டே வந்தவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார். காரணமில்லாமல் எரிந்து விழுவார். சமதரையில் தடுக்குவார், தள்ளாடுவார். பையின் ஜிப்பைத் திறக்கத் திணறுவார். நாக்கு குழறும். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

களைப்பு வேறு, இது வேறு. களைத்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்து, கொஞ்சம் சாப்பிட்டால் முகம் தெளிந்துவிடும். அலுத்துக்கொண்டாலும் பேச்சு தெளிவாக இருக்கும். சந்தேகம் வந்தால், "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். "நல்லாத்தான் இருக்கேன், நீ நட" என்றுதான் பதில் வரும். தம்பியின் நாளைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைப்பவர் வேறென்ன சொல்வார்? குழப்பம் தொடங்கியவருக்கோ தான் சரியில்லை என்பதே தெரியாது. யோசித்துச் சொல்ல வேண்டியதாகக் கேளுங்கள். கடைசியாக எங்கே உட்கார்ந்தோம், வண்டியை எங்கே விட்டோம் என்று கேளுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியை ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். வழக்கமாகச் செய்யக்கூடியதை இப்போது செய்ய முடியவில்லை என்றால் மேலே போகிற பேச்சே கூடாது. அடுத்த திருப்பம் வரை போய்ப் பார்க்கலாம் என்பதும் கூடாது.

என்ன காரணம் என்று ஆராய்வது உங்கள் வேலையல்ல. உடலைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் உடனே குளிர வையுங்கள். நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். பக்கத்தில் ஆழமில்லாத, வேகமில்லாத ஓடை இருந்தால் தலையை நீருக்கு மேல் பிடித்தபடி உடலை அதில் இறக்குங்கள். அதைவிட நல்ல முதலுதவி இல்லை. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ போய், குழப்பமும் சேர்ந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். முதல் அரை மணி நேரத்துக்குள் குளிர வைத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். தூக்கிக்கொண்டு கீழே ஓடி அந்த அரை மணியை இழந்துவிடாதீர்கள். அவசர உதவிக்கு அழையுங்கள், அவர்கள் வருகிற வரை குளிர வைத்துக்கொண்டே இருங்கள்.

வியர்வை நின்று தோல் வறண்டால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று இணையத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். தவறு. உழைப்பால் வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடல் தொப்பலாக வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். இணையத்தில் எழுதுவதை நம்பி, "வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது" என்று நடக்க வைப்பது உயிரோடு விளையாடுவது. பாராசிட்டமாலும் இங்கே பயன்படாது, ஏனென்றால் இது காய்ச்சல் இல்லை. நினைவு மங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

உடல் நனைந்து சில்லென்று இருந்தால் காற்றுபடாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடலுக்கும் நடுவே விரிப்புப் போட்டு, நன்றாகப் போர்த்துங்கள். அதிக உயரம் என்றால் தாங்கிப் பிடித்து உடனே கீழே இறக்குங்கள். எதுவானாலும் தனியாக விடக் கூடாது. "நீங்க இங்கேயே உட்காருங்க, நான் உச்சியைத் தொட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்வதும், "மெல்ல இறங்கிப் போங்க, வழி நேர்தான்" என்று அனுப்பி வைப்பதும் பழக்கப்பட்டவர்கள் செய்கிற காரியம்தான். எனக்கு இதில் கோபமே வரும்.

இப்போது இபுப்ரோஃபென். வேண்டாம். வராத வலிக்கு மாத்திரை போடச் சொல்கிறவர்கள் உங்கள் அக்காவின் மருந்துச் சீட்டைப் பார்த்தவர்கள் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழைகிற குழாயை இபுப்ரோஃபென் சுருங்க வைக்கும். வெளியேறும் குழாயை டெல்மிசார்டன் ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கும். ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் நாள் முழுக்க வியர்த்தால், வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே சிறுநீரகத்தில் இருக்காது. இந்த மூன்று மருந்தும் ஒன்று சேர்ந்து சிறுநீரகம் திடீரெனப் பழுதடைவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆபத்து. கடையில் சீட்டில்லாமல் கிடைப்பதாலேயே ஒரு மாத்திரை சாதுவாகிவிடாது. டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் எல்லாம் இதே வகைதான்.

முட்டிக்கு ஊன்றுகோல் நல்லது. இறங்கும்போது சின்ன அடிகளாக வைக்கச் சொல்லுங்கள். தொடை வலி எப்படியும் வரும். இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குவதால் வருவது அது. மறுநாள் தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், தானே போய்விடும். தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். வலி கடுமையாக இருந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீருக்கு லிட்டர் கணக்கு கிடையாது. நிறைய எடுத்துப் போங்கள், தாகம் எடுக்கும்போது குடிக்கட்டும். "குடிங்க, குடிங்க" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தேவைக்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். அக்கா எடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு போன்ற தையசைடு மருந்து எடுப்பவர்களுக்கு அது இன்னும் சுலபமாக இறங்கும். தலைவலி, வாந்தி, அப்புறம் நான் மேலே சொன்ன குழப்பம் என்று அது வளரும். அதைப் பார்த்து, "உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது" என்று மேலும் ஊற்றுவதுதான் பெரிய கேடு. வழியில் உப்புச் சேர்ந்த தின்பண்டம் கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டே போனால் சரி. உப்பு மாத்திரை தேவையில்லை.

விரல் வீக்கம் பொதுவாக ஒன்றும் செய்யாது. நடக்கும்போது பலருக்கும் வருவதுதான். மோதிரத்தை மட்டும் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வாட்சையும் விட்டுவிடுங்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு என்று 168 வரும். ஆனால் அதே வயதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருபது துடிப்புக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கலாம். போதாததற்கு, ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்து நடக்கும்போது மணிக்கட்டில் இருக்கும் கருவி தப்பாகவும் காட்டும். அவரை முன்னால் நடக்கவிடுங்கள், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று கவனியுங்கள். அதுதான் அவருடைய வேகம். நீங்கள் மெதுவாக நடப்பதாக நினைக்கிற வேகம் அவருக்கு ஓட்டமாக இருக்கும். உங்கள் உடல் வெயிலுக்கும் ஏற்றத்துக்கும் பழகியது. வெயில் பழக மட்டுமே ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

மாரடைப்பு வீடியோக்களை இனிமேல் பார்க்காதீர்கள். அவற்றில் விழுகிற காட்சி இருக்கும், அதற்கு முந்தைய வாரங்களில் விழுந்தவருக்கு என்ன தொந்தரவு இருந்தது என்பது இருக்காது. எனக்கு வேண்டியது அதுதான். பழக்கமே இல்லாதவர் திடீரென ஒரு நாள் கடுமையாக உழைப்பதில் இதயத்துக்கு ஓரளவு ஆபத்து உண்டு. அதனால்தான் ஒரு மாதம் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று. நாளை முதல் தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும், மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டட்டும், இரண்டாவது வாரத்திலிருந்து மாடிப்படியும் ஏறட்டும். இந்த நாட்களில் ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ வந்து, நின்றால் போய்விடுகிறதா? தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவுகிறதா? பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ, குமட்டலாகவோ, இதுவரை இல்லாத அசதியாகவோகூட வரலாம். மயக்கம் வந்து விழுந்தாலும் இதே கணக்குதான். இவற்றில் ஒன்று இருந்தால் பயணத்தை ரத்து செய்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். வாயு என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் தைரியமாகப் போகலாம்.

நடைக்கு ஒரு வாரம் முன்பாவது, அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள். மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றைச் சமீபத்தில் பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். அன்று காலை மாத்திரையை வழக்கம்போல் போடுவதா, நேரத்தை மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.